ராக்கெட் ஏன் மெதுவாகக் கிளம்புது சார்? – முப்பது வருஷம் தாமதமான பதில்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 அக்டோபர் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. முதல் முறையாக வெற்றிகரமாகப் பறந்தது. அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். "அவ்வளவு நெருப்பு கக்குதே, அப்புறம் ஏன் சார் மெதுவாக் கிளம்புது?" "தூரத்துல இருந்து படம் புடிக்கிறாங்கடா, அப்படித்தான் தெரியும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது வெறும் சமாளிப்பு. எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் பழைய வரலாற்றிலேயே இருந்தது. கலிலியோ சரிவுப் பலகையில் உருண்டையை உருட்டிவிட்டு, ஒழுகி விழுந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். 1638இல் வந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. நியூட்டனின் விதிகள் 1687இல் வந்தன. ஆனால் 'விசை = நிறை × முடுக்கம்' என்று நாம் கரும்பலகையில் எழுதுகிற வடிவத்தில் நியூட்டன் எழுதவில்லை. அதைச் சமன்பாடாக்கியவர் ஆய்லர், 1750 வாக்கில். (நானும் வருஷக்கணக்காக நியூட்டன் பெயரில்தான் எழுதிப்போட்டேன்!)

எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் அட்வுட் என்ற ஆங்கிலேயர் 1784இல் விவரித்த கருவி. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் சம எடை; அசையாது. ஒரு பக்கம் சின்ன எடை ஒன்றைக் கூடுதலாக வைத்தால் அந்தப் பக்கம் இறங்கும், ஆனால் மெதுவாக. ஏன்? இழுப்பது அந்தச் சின்ன எடை மட்டும். நகர வேண்டியதோ இரண்டு பக்கத்து நிறையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிய வண்டியைத் தள்ளிய அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது ராக்கெட்டுக்கு வருவோம். 2010 ஜனவரி 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்-200 என்ற பெரிய மோட்டாரை நகர முடியாதபடி பிணைத்து வைத்து எரித்துப் பார்த்தார்கள். சுமார் 130 விநாடி எரிந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 500 டன் எடையைத் தாங்கும் அளவுக்குத் தள்ளியது. முடுக்கம் பூஜ்யம், ஆனால் விசை எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. என்ன அழகான சோதனை!

சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற எல்.வி.எம்-3 ராக்கெட்டின் மொத்த நிறை சுமார் 640 டன். தரையிலிருந்து தூக்குபவை இந்த மோட்டார்கள் இரண்டுதான். உச்ச அளவையே வைத்துக்கொண்டாலும் தள்ளல் 1000 டன். அதில் 640 டன் தன் எடையைத் தாங்கவே போய்விடும். மிச்சம் 360. அந்த மிச்சம்தான் 640 டன்னையும் நகர்த்த வேண்டும். கணக்குப் போட்டால் முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் ஐந்தரை மீட்டர். கைதவறி விழும் தேங்காய்க்கு 9.8! அட்வுட் கப்பியேதான்.

பிறகு வேகம் பிடிப்பது எப்படி? அந்த இரண்டு மோட்டார்களில் மட்டும் சுமார் 410 டன் எரிபொருள். இரண்டு நிமிடம் சொச்சத்தில் எரிந்து தீர்கிறது. காலிக் கூடுகளையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சூத்திரத்தில் நிறை மாறாது என்றே சொல்லிக்கொடுத்தேன். ராக்கெட்டில் அது ஒவ்வொரு விநாடியும் குறைகிறது.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. 17 டன் ராக்கெட், நான்கு அடுக்கு. மேலே போய்ச் சேர்ந்த செயற்கைக்கோள் 35 கிலோ. மற்றதெல்லாம் வழியில் எரிந்ததும் கழற்றி எறிந்ததும்தான்.

2023 ஜூலை 14 மதியம் மொட்டை மாடியில் நின்று சந்திரயான்-3 புகைக்கோட்டைப் பார்த்தேன். அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. அவன் பழவேற்காட்டுப் பக்கம். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பார்கள், அவன் அப்பாவுக்கு அன்று வருமானம் கிடையாது. ராக்கெட்டைப் பற்றிக் கேட்க அவனுக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம்.

தம்பி, இப்போது உனக்கு நாற்பது தாண்டியிருக்கும். இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. கணக்கில் தப்பு இருந்தாலும் சொல்லு.