1958: சுஷிக் கடைக்குள் குழந்தைகள் நுழைந்த கதை

சுஷி என்றதும் நம் வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "பச்சை மீனா? ஐயோ!" என்பார்கள். மீதிப் பேர் "ரொம்பக் காஸ்ட்லியாச்சே" என்பார்கள். முதல் கட்சியை விட்டுவிடுவோம், அது ருசி சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சிக்காக. இன்று ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சுஷிக் கடைக்குள் எட்டிப் பார்த்தால், அது குழந்தைகள் பூங்கா போல இருக்கும். ஆனால் அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னால், சம்பளக்காரர் ஒருவர் தன் பிள்ளைகளைச் சுஷிக் கடைக்குக் கூட்டிப் போக நூறு தடவை யோசித்திருப்பார். அவரைத் தடுத்தது மீனல்ல, பில்!

தெருக்கடையில் தொடங்கியது

சுஷியின் மூதாதை, உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த பண்டம். மீனைக் கெடாமல் காப்பதுதான் நோக்கம். பிவா ஏரிப் பகுதியில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். நாம் படங்களில் பார்க்கும் சுஷி, அதாவது காடி கலந்த சோற்றுப் பிடியின் மேல் ஒரு மீன் துண்டு, 1820களில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பரவியது. ஹனயா யோஹெய் என்பவரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பண்டம் ஒரு நிமிடத்தில் கைக்கு வந்தது. நின்றபடியே இரண்டு துண்டைத் தின்றுவிட்டு நடையைக் கட்டலாம். அசல் ஃபாஸ்ட் ஃபுட்!

பிறகு அது மெல்ல மெல்லப் படியேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஒரு கோ அரிசி (சுமார் 150 கிராம்) கொண்டு வந்து கொடுத்து, பத்துத் துண்டு சுஷி வாங்கிப் போகும் ஏற்பாடு 1947ல் வந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் நல்ல சுஷிக் கடை என்றால் மரக் கவுண்டர், அதன் பின்னால் சமையல் கலைஞர், எதிரே பத்துப் பதினைந்து நாற்காலிகள் என்று ஆனது. அங்கே பல கடைகளில் விலைப்பட்டியலே கிடையாது. "அன்றைய விலை" என்பார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எவ்வளவு என்று தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் "அப்பா, எனக்கு இன்னொண்ணு" என்று கேட்கும் பிள்ளையை உட்கார வைக்க எந்த அப்பாவுக்குத் தைரியம் வரும்?

பீர் பாட்டில் தந்த யோசனை

ஒசாகாவை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதியில் சிறிய சுஷிக் கடை நடத்தி வந்தவர் யோஷியாகி ஷிராய்ஷி. சுற்றியிருந்த பட்டறைத் தொழிலாளிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். மலிவாகக் கொடுத்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் மலிவாகக் கொடுக்க முடியாது. இந்தச் சிக்கலில் இருந்தவர், அசாஹி பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் கன்வேயர் பெல்ட்டில் வரிசையாக ஓடுவதைப் பார்த்தார். சுஷியும் இப்படி ஓடினால் என்ன?

கேட்க எளிது, செய்து முடிக்கப் பல வருடங்கள் ஆயின. பெல்ட் நேராக ஓடும், மூலையில் எப்படித் திரும்பும்? பிறை வடிவத் தகடுகளைக் கோத்து அதைத் தீர்த்தார். வேகம் இன்னொரு பிரச்சினை. வேகமாக ஓடினால் எடுக்க முடியாது, மெதுவாக ஓடினால் சாப்பிடுகிறவர் பொறுமை இழப்பார். கடைசியில் நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்று முடிவானது. 1958ல் உலகின் முதல் சுழலும் சுஷிக் கடை திறந்தது.

பெல்ட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தட்டு! தட்டுக்கு இவ்வளவு என்று விலை. காலித் தட்டுகளை அடுக்கி வைத்தால் பில் கண்ணெதிரே உயர்ந்துகொண்டே போகும். "இன்னும் மூணு தட்டுதான்" என்று அப்பா சொல்லலாம், பிள்ளையும் எண்ணிப் பார்க்கலாம்.

அதே வருடம், டோக்கியோவில்

ஆச்சரியம் என்னவென்றால், அதே 1958 ஆகஸ்டில் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் "வைக்கிங்" என்ற பெயரில் ஒரு உணவகம் திறந்தது. ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஹோட்டல் தலைவர் டெட்சுசோ இனுமாரு டென்மார்க்கில் பார்த்து வந்த ஸ்காண்டிநேவிய விருந்து முறை இது. இன்றும் ஜப்பானியர் பஃபேயை வைக்கிங் என்றுதான் சொல்கிறார்கள். மதியச் சாப்பாடு 1,200 யென். அப்போது பட்டம் முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் மாதச் சம்பளமே சுமார் 12,800 யென். ஆக, இது பணக்காரர் விளையாட்டு.

ஒன்று பட்டறைத் தொழிலாளிக்கு, இன்னொன்று பணக்காரருக்கு. ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்றே: பில் என்ற பயத்தைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து விரட்டின. ஒன்று தட்டுக்குத் தட்டு விலையைக் காட்டியது, மற்றொன்று வாசலிலேயே சொல்லிவிட்டது.

குடும்பம் வந்தது

1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு 6 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே சுழலும் சுஷி கடை போட்டுப் பெயர் வாங்கியது. ஷிராய்ஷியின் தனியுரிமை 1970களின் இறுதியில் முடிந்ததும் போட்டிக் கடைகள் முளைத்தன. 1981ல் சோற்றுப் பிடி பிடிக்கும் இயந்திரமும் வந்தது. பெல்ட்டை ஒட்டி நான்கைந்து பேர் உட்காரும் மேஜைகள் போட்டார்கள். மூக்கில் ஏறும் வசாபியைத் தனிப் பொட்டலமாக்கினார்கள். முட்டை, மக்காச்சோளம், ஹாம்பர்கர் வைத்த சுஷியெல்லாம் பிள்ளைகளுக்காகவே வந்தவை. ஐந்து காலித் தட்டுகளை மேஜைத் துளையில் போட்டால் ஒரு விளையாட்டு, ஜெயித்தால் பொம்மை என்று குரா சுஷி ஆரம்பித்தது. "இன்னொரு தட்டு சாப்பிடு" என்று இப்போது பிள்ளை அப்பாவை மிரட்டுகிறது!

1958ன் இரண்டு யோசனைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வந்ததற்கு ஓர் உதாரணம், கப்பா சுஷி 2017 ஜூனில் 20 கடைகளில் நடத்திப் பார்த்த "இஷ்டம் போல் சாப்பிடலாம்" திட்டம். ஆண்களுக்கு 1,580 யென், பெண்களுக்கு 1,380, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 780 (வரி தனி), நேரம் 70 நிமிடம். கடைக்காரர் கணக்கு எளிது. சோறு மலிவு, மீன் விலை அதிகம். சோறு வயிற்றை நிரப்பிவிடும், கடிகாரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினால்தான் நஷ்டம். அதனால்தான் இத்தகைய கடைகள் பலவற்றில் மீதி வைத்தால் தனிக் கட்டணம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அரை வயிறு சாப்பிடும் பிள்ளைக்கு அரைக் கட்டணம் என்பதும் கருணையல்ல, கணக்குதான்.

நம்பிக்கையின் விலை

நீண்ட காலம் தாக்குப்பிடித்த "ஒரு தட்டு 100 யென்" விலையை 2022 அக்டோபரில் சுஷிரோவும் குராவும் கைவிட்டன. அதைவிடப் பெரிய அடி 2023 ஜனவரியில் விழுந்தது. சுஷிரோ கடை ஒன்றில் ஓர் இளைஞன் சோயா சாஸ் பாட்டிலை நக்கி, ஓடும் சுஷியை எச்சில் விரலால் தொட்ட வீடியோ பரவியது. நிறுவனம் சுமார் 6 கோடியே 70 லட்சம் யென் கேட்டு வழக்குப் போட்டு, பிறகு சமரசமானது. பல கடைகள் பெல்ட்டில் சுஷியைச் சுழல விடுவதை நிறுத்தி, கேட்டதை மட்டும் அனுப்பத் தொடங்கின. குரா சுஷி தட்டு மூடிகளைக் கண்காணிக்கக் கேமரா வைத்தது. சுஷிரோவோ சில கடைகளில் பெரிய திரையில் சுஷிப் படங்களை ஓட விட்டது.

ஷிராய்ஷி 2001ல் காலமானார், இதையெல்லாம் பார்க்கவில்லை. அவருடைய பெல்ட் ஓடியது மின்சாரத்தால் மட்டுமல்ல, "எனக்கு முன்னால் இருப்பவன் என் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டான்" என்ற நம்பிக்கையாலும்தான். ஒரு குழந்தை யாரையும் கேட்காமல், தன் கையாலேயே, தனக்குப் பிடித்த தட்டை எடுக்க முடிந்ததே, அது சின்ன விஷயமில்லை. விலையைப் பற்றிய பயத்தைப் போக்க ஒரு தட்டு போதுமாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரரைப் பற்றிய பயத்தைப் போக்க என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்?

யோசித்துச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.