காதணி விழாவும் காவிரி நீராட்டும்

கோடை விடுமுறை பிறந்ததும் மைசூர் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. குலதெய்வத்தின் திருமுன் குழந்தைக்கு முடி இறக்கித் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துதல் நம் குடிகளின் நெடுநாள் வழக்கம். ஊர் செல்ல இயலாதோர் கபிலைக் கரையிலுள்ள நஞ்சன்கூடு போன்ற தலங்களை நாடுவதும் உண்டு. விருந்து முடிந்ததும் சிறுவர் சிறுமியர் ஆற்றிலோ கிணற்றுத் தொட்டியிலோ குதித்து விளையாடுவர். காலையில் காது குத்தப்பெற்ற பிள்ளையும் அவர்களோடு சேர்ந்துகொள்ளும். இது தகுமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய விழைகின்றோம்.

காது குத்துதல் மிகத் தொன்மையான வழக்கம். சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல் இதற்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. காப்புக்காகவும் அணிக்காகவும், குழந்தையின் 6 அல்லது 7 ஆம் மாதத்தில் காது குத்த வேண்டும் என்பது அதன் விதி. அந்நூல் குத்துவதோடு நின்றுவிடவில்லை. துளையில் பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் வார்க்கச் சொல்கிறது. 3 நாளுக்கு ஒருமுறை சற்றே பருத்த திரியை இடச் சொல்கிறது. வீக்கமும் வலியும் கண்டால் திரியை நீக்கி, மருந்து பூசி, ஆறிய பின்னரே மீண்டும் குத்தச் சொல்கிறது. ஆகவே, குத்திய காதை முன்னோர் அணிகலனுக்குரிய இடமாக மட்டும் கருதவில்லை. ஆற்றவேண்டிய புண்ணாகவும் கண்டனர்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. பெரியாழ்வார் தம் திருமொழியில், கண்ணனைக் காது குத்த அழைக்கும் யசோதையின் கூற்றாக ஒரு பதிகம் பாடியுள்ளார். திருமாலின் பன்னிரு திருநாமங்கள் அதில் வரிசையாக வருகின்றன. திரியிடும் செய்தியும், காது வீங்கி எரியுமே என்று கலங்கும் தாயுள்ளமும் அங்கே உண்டு. நம் மைசூருக்கு அணித்தான மேலுக்கோட்டைத் திருநாராயணபுரத்தில் திவ்வியப் பிரபந்தம் இன்றும் தமிழிலேயே ஓதப்பெறுவது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

பாண்டி நாட்டு மூதாட்டியர் தண்டட்டியும் பாம்படமும் அணியக் காது வளர்த்ததும் ஒரு நாட் செயலன்று. பல திங்கள் பொறுமையோடு செய்த பணி. மேலும், முடி இறக்கி, நீராட்டிப் புத்தாடை உடுத்திய பின்னரே காது குத்துவது பல குடும்பங்களின் முறை. நீராடல் முன்னே, காது குத்தல் பின்னே. அம்முறையின் நன்மையை இன்றைய மருத்துவமும் மெய்ப்பிக்கின்றது.

தேங்கிய நீரிலும் ஈரம் தங்கும் இடங்களிலும் வாழும் நுண்ணுயிர்களுள் ஒன்று சூடோமோனாசு. ஆறாத துளை அதற்குத் திறந்த வாயில். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கடையொன்றில் மேற்காது குத்திக்கொண்டவர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். தூய்மைக்கென வைத்திருந்த மருந்துநீர்ப் புட்டியிலேயே அக்கிருமி குடியிருந்தது. சிலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. சிலர்க்குக் காதின் வடிவமே சிதைந்தது.

மேற்காதின் குருத்தெலும்புக்குத் தனிக் குருதிக் குழாய்கள் இல்லை. மேலுறை வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது. இடையில் சீழ் கோத்தால் குருத்தெலும்பு அழியும், அழிந்தது மீளாது. காதுமடலின் மேற்பகுதியிலும் குத்திக்கொள்ள விழையும் நம் இளம்பெண்கள் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

காதுச் சோணை ஆற ஏறத்தாழ 6 முதல் 8 வாரம் ஆகும். மேற்காது ஆறப் பல திங்கள், சிலர்க்கு ஓராண்டும் ஆகலாம். அதுவரை ஆறு, குளம், கிணற்றுத் தொட்டி, நீச்சற்குளம் ஆகியவற்றில் மூழ்காதிருத்தலே நன்று. நீச்சற்குளத்து நீரில் குளோரின் கலந்திருப்பதால் தீங்கில்லை என்று எண்ணுதல் பிழை; அது எல்லாக் கிருமிகளையும் உடனே கொல்வதில்லை, புண்ணையும் உறுத்தும். வீட்டில் தூய நீரை ஊற்றிக் குளிப்பதற்குத் தடையில்லை. கைகளைக் கழுவிய பின்னரே காதைத் தொடுக. மருந்துக்கடையில் கிடைக்கும் தூய உப்புநீரால் கழுவி ஈரத்தை ஒற்றி எடுக்க. தவறி நீரில் மூழ்கினாலும் இவ்வாறே செய்க. காது சிவந்து வீங்கினும், சீழ் வடியினும், காய்ச்சல் காணினும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. அணியைக் கழற்றுவதா, விடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். தாமே கழற்றினால் துளை மூடி, சீழ் உள்ளே தங்கிவிடக்கூடும்.

விடுமுறை முழுவதும் நீந்தக் காத்திருக்கும் பிள்ளையை நீரைவிட்டு விலக்கி வைப்பது பெற்றோர்க்கு எளிதன்று என்பதை யாம் அறிவோம். அதற்கும் வழியுண்டு. நீந்தி மகிழ்ந்தபின், விடுமுறையின் இறுதியில் காதணி விழாவை வைத்துக்கொள்ளலாம். காவிரி எங்கும் போய்விடாள். புண் ஆறியபின் அவள் மடியில் ஆசைதீர நீராடலாம். தாய்மாமன் சீர் ஒரு நாளோடு முடியும். காதைக் காக்கும் கடமை அன்றுதான் தொடங்குகிறது. முன்னோர் வழக்கைப் போற்றும் நாம், அவர்தம் பொறுமையையும் போற்றுவோமாக!