ஊட்டி மலைப்பாதையில் டேங்கர் லாரி ஓட்ட ஆசையா? ஸ்டியரிங் பிடிக்கும் முன் இதைப் படிங்க!

மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏறும்போது உங்க பைக்குக்கு முன்னால ஒரு பெட்ரோல் டேங்கர் ஊர்ந்து போயிருக்கும். கடுப்புல ஹாரன்கூட அடிச்சிருப்பீங்க. அந்த டிரைவர் ஏன் அவ்வளவு நிதானமா போறார்னு புரிஞ்சுட்டாலே, இந்த வேலையில பாதி புரிஞ்ச மாதிரி.

நீலகிரி பங்க்குகளில் நாம ஊத்துற பெட்ரோல் எல்லாம் சமவெளியிலிருந்து லாரியில ஏறி வந்ததுதான். கோடையில குன்னூர்ல தண்ணி லாரிக்குத் தனி கிராக்கி. பால் டேங்கர் வேற இருக்கு. ஆக, வேலை உண்டு. உள்ளே நுழையறது எப்படி?

18 வயசுல கார் லைசென்ஸ் எடுக்கலாம். ஆனா, ஹெவி ஓட்ட 20 வயசு ஆகணும். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது முடிஞ்சிருக்கணும். எட்டாவது படிச்சிருக்கணும்கிற விதியை 2019-ல எடுத்துட்டாங்க. தண்ணி, பால் லாரிக்கு இது போதும். பெட்ரோல், கேஸ்னா கதையே வேற. மோட்டார் வாகன விதி 9-ன்படி 3 நாள் பயிற்சி முடிச்சு, ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டலாம்னு லைசென்ஸில் தனியா பதிவு வாங்கணும். ஓர் இந்திய மொழியோட இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். சாதாரண ஹெவி லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். இது 3 வருஷம்தான். புதுப்பிக்கும்போது ஒரு நாள் பயிற்சி. முறையா ஹெவி பழகணும்னா கும்மிடிப்பூண்டியில் ஐ.ஆர்.டி பயிற்சி மையம் இருக்கு, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பள்ளி இருக்கு.

லைசென்ஸ் வந்துட்டா டிரைவர் ஆகிட்டோம்னு நினைச்சுடாதீங்க. 'நிறைகுடம் தளும்பாது'னு பாட்டி சொன்னது டேங்கர் டிரைவருக்கு அப்பட்டமான ஃபிசிக்ஸ். டேங்க் பாதி காலியா இருந்தா பிரேக் போட்டதும் உள்ளே இருக்கிற திரவம் முன்னால பாய்ஞ்சு வண்டியைத் தள்ளும். கொண்டை ஊசி வளைவுல அது வெளிப்பக்கச் சுவர்ல ஏறும். எடை ஒருபக்கமா சாயும், வண்டி கவிழப் பார்க்கும். அதனால வேகத்தைக் குறைக்கிறதெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். பெட்ரோல் டேங்கரை உள்ளே தனித்தனி அறைகளா பிரிச்சிருப்பாங்க. ஒரு அறையை முழுசா காலி பண்ணிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாங்க. பால் டேங்கரில் கழுவுற வசதிக்காக உள்ளே தடுப்பு குறைவா இருக்கலாம். அதுல தளும்பல் ஜாஸ்தி.

அடுத்து, இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறக்குறவங்களைப் பார்த்திருப்பீங்க. தயவுசெஞ்சு அவங்ககிட்ட தொழில் கத்துக்காதீங்க! எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். இன்ஜின்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடேறி, நிஜமா தேவைப்படும்போது பிரேக் பிடிக்காது. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு லோடோட ஏறி, காலியா இறங்குறது ஒருவகையில் வசதி. ஆனா, லோடு கூடலூருக்குன்னா ஊட்டி தாண்டி நடுவட்டம் வழியா லோடோடவே இறங்கணும். கல்லட்டி பாதை பக்கம் முதல் வருஷத்துல போகவே வேண்டாம்னு சொல்வேன். அங்கே 36 கொண்டை ஊசி வளைவுகள். குறுகலான இடத்துல ஏறி வர்ற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும், இது சட்டம்.

இன்னொண்ணு, 'வண்டி காலிதானே'னு பெட்ரோல் டேங்கர் பக்கத்துல பீடி பத்த வைக்காதீங்க. காலி டேங்க்ல நிக்கிற ஆவி, நிறைஞ்ச டேங்க்கைவிட சுலபமா வெடிக்கும். லோடு இறக்கும் முன் எர்த் வயரை மாட்ட மறக்கக் கூடாது. டேங்கர்ல எழுதியிருக்கிற 1203-னா பெட்ரோல், 1075-னா கேஸ். விபத்துன்னா தீயணைப்புத் துறையினர் முதல்ல தேடுறது இந்த எண்ணைத்தான். 2025 ஜனவரி 3 அன்னைக்கு கோவை அவினாசி ரோடு மேம்பாலத்துல கொச்சியில இருந்து 18 டன் கேஸோட வந்த டேங்கர் கவிழ்ந்து, சுத்துவட்டாரப் பள்ளிகளுக்கு லீவு விட வேண்டியதாச்சு. இழுவை லாரியில இருந்து டேங்க் கழண்டதுதான் பிரச்னை. காலையில வண்டியைச் சுத்தி வந்து இணைப்பு, டயர், ஏர் பிரஷர் பார்க்கிற அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீங்க.

எங்கே ஆரம்பிக்கலாம்? என் ஓட்டு தண்ணி லாரிக்குத்தான். உள்ளூர் ரோடு, சின்ன டிரிப். தளும்பல்னா என்னன்னு உடம்புக்குப் பழகிடும். அப்புறம் பால், கடைசியாத்தான் பெட்ரோல், கேஸ். அனுபவமான டிரைவர்கிட்ட கொஞ்ச நாள் கிளீனரா போறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பெண்களும் தயங்க வேண்டாம். கொச்சியில இருந்து பெட்ரோல் டேங்கர் ஓட்டின கேரள இளம்பெண் 2021-ல செய்தியிலேயே வந்தார்.

வேலைக்குச் சேரும்போது சம்பளம், டிரிப் பேட்டா, பி.எஃப் மூணையும் தனித்தனியா பேசிடுங்க. 2025 வரை இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48-னு இருந்துச்சு. டிப்போவுல வரிசையில காத்துக்கிடக்கிற நேரம் எந்தக் கணக்குனு கேளுங்க. பந்திப்பூர் வழியா மைசூரு போற ரோடு ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். அங்கே மாட்டி கேபின்லயே தூங்கினா அந்த ராத்திரிக்குப் பேட்டா உண்டாங்கிறதையும் முதல் நாளே ஓனர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.