கலெக்டர் ரீடின் திருப்பத்தூர்

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு. மருது சகோதரர்களை 1801இல் தூக்கிலிட்ட சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரை எல்லோருக்கும் தெரியும். நாம் பார்க்கப்போவது மற்றதை. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஏலகிரி. வெளியூர்க்காரர்களில் பலர் ஜோலார்பேட்டையில் ரயில் மாறுவதோடு சரி, ஊருக்குள் வருவதில்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியைப் பறிகொடுத்தார். அதில் இந்தத் திருப்பத்தூர் அடங்கிய பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குக்கு வந்தன. யாரை நிர்வாகத்துக்கு அனுப்புவது? சென்னைக் கோட்டையின் சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அவர்களை நம்பாமல், கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவக்காரரைக் கலெக்டராக்கினார். ரீடு தங்கியது திருப்பத்தூரில். உதவிக்கு வந்த மூவரில் ஒருவர் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோ.

வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். மண்ணைத் தரம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தீர்வை கட்டினார்கள். முதலில் ரீடு நினைத்தது நீண்ட காலக் குத்தகை. வானம் பார்த்த பூமிக்காரர்கள் அதற்குத் தயங்கினார்கள். மழை பொய்த்தால் கட்டமுடியாத வரிக்கு முன்கூட்டியே யார் தலையாட்டுவார்கள்? வேறு வழியின்றி 1796இல் ரீடு இறங்கிவந்தார்: வயலுக்குரிய தீர்வையைக் கட்டுகிறவரை நிலம் குடியானவனிடம் இருக்கும், வேண்டாமென்றால் ஆண்டுக்கு ஆண்டு விட்டுவிடலாம். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறையின் முளை இதுதான். பாடநூல்கள் இதை மன்றோவின் பெயரில் எழுதிவிட்டன. என்னைக் கேட்டால், ரீடுக்குப் பாதி, தலையாட்ட மறுத்த குடியானவர்களுக்குப் பாதி. வரி மட்டும் லேசாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1799இல் கடைசி மைசூர்ப் போருக்கு ரீடும் மன்றோவும் கிளம்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனி புத்தி மாறி, இதே நிலத்தை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டது. மிட்டாதார்கள் பலர் பணம் கட்டமுடியாமல் நொடித்தார்கள். ரயத்துவாரியே திரும்பி வந்தது. மன்றோ 1820இல் சென்னை கவர்னரானார். தீவுத்திடல் பக்கம் இன்றும் குதிரைமேல் இருக்கிறார். ரீடை ஊரே மறந்துவிட்டது.

சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர், 1911இல் வட ஆற்காட்டுக்குப் போனது. பிறகு வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28இல் தனி மாவட்டமானபோது, ஊருக்கு முதல் தடவையாகக் கலெக்டர் வந்ததுபோல் பலரும் பேசினார்கள். ரீடு காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் அச்சில் வந்திருக்கின்றன. கலெக்டர் அலுவலகம் அதில் ஒரு பிரதியையாவது ஜமாபந்திக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைக்கட்டும்.

அடுத்த வாரம்: 1921இல் இரண்டு டாக்டர்கள் இங்கே தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம்.