விலாசம் இல்லாத பண்டம்

2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பத்து நிறுவனங்கள் விற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் (நின்று ஓட்டும் இருசக்கர மின்பலகைகள்) திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தது. பேட்டரி சூடேறியது, புகைந்தது, வெடித்தது என்று 99 புகார்கள் அதற்குள் வந்திருந்தன. ஹோவர்போர்டு தீ விபத்துகளின் கதையை அந்த அறிவிப்போடு முடித்துவிடுவது வழக்கம். என் கருத்து வேறு. ஆபத்தைக் குறைத்ததில் அந்த அறிவிப்புக்குச் சின்னப் பங்குதான்; பெரிய பங்கு அதற்குச் சில மாதங்கள் முன்பே துறைமுகங்களிலும் கடைகளிலும் விழுந்த தடைகளுக்கு. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது, செய்தவர் யார் என்று தெரிந்த பண்டத்துக்காக உருவான முறை. ஹோவர்போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு விலாசமே இல்லை.

இவற்றில் உள்ள லித்தியம் பேட்டரி எரியும் என்பது 2015இல் தெரியவந்த சங்கதி அல்ல. கனடாவின் மோலி எனர்ஜி செய்த லித்தியம் உலோக பேட்டரி 1989இல் ஜப்பானில் கைபேசியில் தீப்பிடித்தது. பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்டன, நிறுவனமும் நொடித்துப்போனது. 1991இல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2006இல் அதே சோனியின் செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்தது தெரிந்ததும், டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சத்தையும் திரும்பப் பெற்றன. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது, ஆனால் வேலை எளிது. பேட்டரியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால் அது எந்த ஆலையில் எப்போது செய்தது என்று தெரிந்துவிடும். செலவைக் கேட்க ஒரு சோனி இருந்தது.

2015இன் பிற்பகுதியில் ஹோவர்போர்டு மோகம் தலைக்கேறியபோது நிலைமை நேரெதிர். ஷென்சென் பகுதியின் எண்ணற்ற சிறு பட்டறைகள் ஒரே மாதிரிக் கூட்டை வாங்கி, கிடைத்த செல்களை அடுக்கி, கேட்ட பெயரை ஒட்டி அனுப்பின. இந்த வண்டியின் மூல வடிவம் யாருடையது என்பதே காப்புரிமை வழக்குகளில் இழுபட்டது. உள்ளே வழக்கமாக இருபது செல்கள். ஒவ்வொன்றிலும் இரு மின்முனைகளையும் பிரித்து வைப்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள்; அது கிழிந்தால் செல்லுக்குள்ளேயே மின்னோட்டம் குறுக்கே பாயும், எரியக்கூடிய திரவம் கொதிக்கும், அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். முழுதாக ஏறியதும் சார்ஜை நிறுத்த வேண்டிய சுற்று மலிவுப் பலகைகளில் சரியாக வேலை செய்யவில்லை. பிரிட்டனில் அந்த ஆண்டு அக்டோபர் நடுவிலிருந்து சோதித்த 17,000 பலகைகளில் 15,000க்கு மேற்பட்டவை பாதுகாப்பற்றவை என்று தடுத்து வைக்கப்பட்டன. பலவற்றின் பிளக்கில் பியூஸ்கூட இல்லை! டிசம்பரில் பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்ற மறுத்தன. 2016 பிப்ரவரியில் ஆணையம், யூஎல் 2272 என்ற பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத சரக்கு எல்லையிலேயே பறிமுதலாகலாம் என்று எழுத்தில் எச்சரித்தது. அதற்கு முந்தைய பதினோரு வாரங்களில் மட்டும் 24 மாநிலங்களில் 52 தீ விபத்துகள்.

சார்ஜில் போட்டுவிட்டு மறந்தவர்கள் மேல்தான் தப்பு என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எரிந்த பலகைகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. சார்ஜில் மறந்தாலும் தாங்குவதுதான் ஒழுங்காகச் செய்த பேட்டரியின் இலக்கணம். ஐந்து லட்சம் என்ன சின்ன எண்ணா என்பது இதைவிடக் கனமான கேள்வி. சின்னதல்ல. ஆனால் அதில் 2,67,000 ஸ்வாக்வே என்ற ஒரே பெயரில் விற்றவை. பெயரும் அலுவலகமும் இருந்தவர்கள் பட்டியலில் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. 2017 மார்ச்சில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் லேஸி போர்டு என்ற பலகையிலிருந்து மூண்ட தீயில் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். தீயணைக்க விரைந்த வீரர் ஒருவரும் வழியில் விபத்தில் இறந்தார். எட்டு மாதம் கழித்து ஆணையத்தால் வெளியிட முடிந்தது, இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை மட்டும்.

அப்படியானால் தரச்சான்று போதுமா? 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் புதிதாய் வந்த மின்விளக்குகள் தீ மூட்டுமோ என்று காப்பீட்டுக்காரர்கள் பயந்ததில் பிறந்த அமைப்புதான் யூஎல். இம்முறையும் அதன் தரம் வாசலில் நல்ல காவலாக நின்றது. ஆனால் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்ட பொருள் மேல் அதற்குப் பிடி இல்லை. ஜெட்சன் ரோக் பலகைகள் 53,000ஐத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2023 மார்ச்சில் வந்தது. பென்சில்வேனியாவின் ஹெல்லர்டவுனில் அந்தப் பலகை ஒன்றிலிருந்து மூண்ட தீயில் இரண்டு சிறுமிகள் இறந்து அப்போது ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. பட்டறையைத் தேடிப் பிடிக்க முடியாதபோது, பிடிக்கக்கூடிய விலாசம் விற்ற இணையக் கடையினுடையதுதான். இதில் சட்டம் மெதுவாகவே நகர்ந்திருக்கிறது. டென்னசியில் வீட்டைத் தீக்கு இழந்த ஒரு குடும்பம் அமேசான் மேல் தொடுத்த வழக்கில், 2019இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாநிலச் சட்டப்படி அமேசானை விற்பனையாளராகக் கொள்ள மறுத்தது. வாங்கியவர்களுக்கு அது அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல் போதுமானதாக இருந்ததா என்பதை மட்டும் ஜூரி விசாரிக்கலாம் என்றது. ஐந்தாண்டு கழித்து, 2024 ஜூலையில், வேறு பண்டங்கள் தொடர்பான வழக்கில் நுகர்வோர் ஆணையம் ஒரு படி மேலே போனது: தன் கிடங்கில் வைத்து அனுப்பும் பிறர் சரக்குக்கு அமேசான் விநியோகஸ்தர், எனவே திரும்பப் பெறும் பொறுப்பும் அதற்கு உண்டு. 2015 கிறிஸ்துமஸுக்கு முன்பே இந்தத் தீர்ப்பு இருந்திருந்தால், பெயரில்லாத பலகைகளுக்கும் பொறுப்புக் கேட்க ஒரு கதவாவது இருந்திருக்கும்.