பொற்கொல்லரும் பார்பராவும்

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரிலே, புனித லாரன்சு தேவாலயத்தினுள், வானோக்கி உயர்ந்து நிற்கிறது ஒரு கல் மாடம். அதனைத் தாங்கி மண்டியிட்டிருப்பவர் யார்? புனிதரா? பூபதியா? இல்லை, சுத்தியும் உளியும் ஏந்திய சிற்பி ஒருவர்! 1493க்கும் 1496க்கும் இடையே மாடத்தைச் சமைத்த ஆதாம் கிராஃப்ட் செதுக்கிய தம் உருவமே அது என்பர்.

உழைப்பவனுக்கும் முகம் உண்டென்று கலை ஒப்புக்கொண்ட காலம் அது. அதே நகரில், 1490ஆம் ஆண்டளவில், ஒரு பொற்கொல்லரையும் அவர் மனைவியையும் இரு பலகைகளில் தீட்டினான், இருபது வயதும் நிரம்பாத அவர்கள் மகன், ஆல்பிரெக்ட் டியூரர். இருவர் கையிலும் செபமாலை. மகன் கண் நாடியதோ முகங்களை!

தந்தையின் பெயரும் ஆல்பிரெக்ட்தான். அங்கேரியில் பிறந்து, 1455இல் நியூரம்பர்க் வந்து, ஓல்பர் எனும் பொற்கொல்லரிடம் ஆண்டுகள் பல உழைத்தவர். 1467இல் முதலாளியின் மகள் பார்பராவை மணந்தார். மணமகனுக்கு வயது நாற்பது, மணமகளுக்கோ பதினைந்து! பெற்ற பிள்ளைகள் 18. 1524இல் மகன் குடும்ப வரலாறு எழுதியபோது எஞ்சியிருந்தோர் மூவரே.

பொன்னிலும் வெள்ளியிலும் கோடு செதுக்கும் வித்தையை மகன் தந்தையின் பட்டறையிலேதான் கற்றான். ஆனால் அவன் உள்ளம் ஓவியத்தை நாடிற்று. கற்பித்த காலம் வீணாயிற்றே என வருந்தினார் தந்தை. எனினும், தகப்பன் தொழிலே தனயன் தொழில் என்று தளையிடவில்லை! 1486இல் வோல்கெமுட் எனும் ஓவியரிடம் அவரே அனுப்பி வைத்தார். பின்னாளில் செப்புத் தகட்டிலே டியூரர் செதுக்கிய படங்கள் ஐரோப்பாவெங்கும் பரவின. அந்தக் கை பழகியதோ பொற்கொல்லர் பட்டறையில்.

இணையாக எழுந்த இரு படங்களும் பிரிந்தன. தந்தையின் படம் பிளாரன்சு நகரின் உஃபிசி கூடத்தைச் சேர்ந்தது. அதன் பின்புறத்தில் இரு குடும்பங்களின் சின்னங்களும் உண்டு. தாயின் படமோ நியூரம்பர்க் அருங்காட்சியகத்திலே, இன்னார் என்று எவரும் அறியாத ஒரு பெண்ணின் படமாக நெடுநாள் கிடந்தது! 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆய்வாளர்கள் அவர் பார்பரா என்று கண்டறிந்தனர். கணவர் படத்துக்கு இந்தக் கதி நேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1514 மார்ச்சில் மகன் அவரை மீண்டும் வரைந்தான், கரித்துண்டினால். குழிந்த கன்னம், எலும்பெடுத்த கழுத்து, சுருக்கம் விழுந்த நெற்றி, ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு திங்களில் தாய் மறைந்தார். மகன் அந்தத் தாளை மீண்டும் எடுத்து, அவர் இறந்த நாளை மையால் எழுதி வைத்தான். தாள் பெர்லினில் இருக்கிறது. அது தன் தாய் என்பதையும், அவருடைய வயதையும், வரைந்த அன்றே அதன் மேற்புறத்தில் அவன் எழுதியிருந்தான்.