ஓர் ஈயைப் பிரித்துப் பார்த்தது

திருவண்ணாமலைக் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பக்கத்தில் கம்பத்திளையனார் சந்நிதி இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரபுடதேவராயன் காண, அருணகிரிநாதருக்காக முருகன் தூணிலிருந்து வெளிப்பட்ட இடம் என்பது ஐதீகம். வேலுக்கும் மயிலுக்கும் சேவலுக்கும் தனித்தனியே விருத்தம் பாடியவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு மயிலும் சேவலும் சுவரில், திரைச்சீலையில், கல்யாணப் பத்திரிகையில் ஜோடியாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். அந்த ஜோடியை நான் எதிர்பாராத ஓரிடத்தில் கண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மீன் பிடிப்பது பற்றி நான் எழுதுவது நண்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும்.

என் சித்தப்பா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது அங்கிருந்த துரை விட்டுப்போன தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்கும் பெட்டி. அது எங்கள் பரணில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. அவர் காலமான பின் சாமான்களை ஒழித்தபோது திறந்தேன். உள்ளே சிறு கம்பிப் பிடிகளில் பதினேழு தூண்டில் முட்கள். ஒவ்வொன்றிலும் இறகும் ஜரிகையும் பட்டு நூலும் வைத்துக் கட்டிய ஒரு பூச்சி. சிலவற்றைப் பொட்டுப்பூச்சி அரித்திருந்தது. மிச்சமிருந்தவற்றில் இரண்டை என்னால் உடனே அடையாளம் காண முடிந்தது. பூச்சியை அல்ல, பறவையை. ஒன்றின் சிறகு மயில் தோகையின் பச்சை இழை. மற்றொன்றின் தலைக்கு இருபுறமும் கறுப்பு இறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி. ஜவ்வாது மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு.

ஆங்கிலேயர் இதை வெட் ஃப்ளை என்கிறார்கள். நீரின் மேல் மிதக்காமல் உள்ளே அமிழ்ந்து செல்லும் ஈ. டிரௌட் மீனுக்காகக் கட்டுவது. நம்மூர் ஏரிகளில் கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு கோப்பது போன்றதல்ல இது. தின்ன எதுவும் கிடையாது. மீனுக்கு ஒரு தோற்றம் மட்டும் காட்டப்படுகிறது. அடி தேடியவர்களிடம் முடி கண்டதாகப் பொய் சாட்சி சொன்ன தாழம்பூவின் ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் அதிகமில்லை.

இதன் சரித்திரம் நீளமானது. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரையில் ஜனங்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்து மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை சொல்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமாடத் தலைவி எழுதியதாக வழங்கும் நூல் அது. 1653இல் வால்டன் எழுதிய நூலோடு 1676இல் சார்லஸ் காட்டன் சேர்த்த பகுதியில் இந்தக் கலை முதிர்ந்துவிட்டது. பிறகு விக்டோரியா காலம் வந்தது. சாம்ராஜ்யம் விரிய விரிய ஈயின் மேல் இறகுகளும் கூடின. எந்தக் கடல் கடந்தாலும் அங்கே ஒரு பறவை இருந்தது, அதன் தோல் லண்டனுக்கு வந்தது. இது மிகைப்படுத்தல் அல்ல. காட்டுக்கோழி இறகு வைத்த ஈயை நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

பிரிப்பது கட்டியதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தலையில் இறுகியிருந்த வார்னிஷைச் சுரண்டினால் நூலின் முனை கிடைக்கும். நாலைந்து சுற்று அவிழ்ந்ததும் கன்னத்து இறகுகள் இரண்டும் விழுந்தன. கடைசியாக வைக்கப்பட்டவை அவை. ஆங்கிலக் கைவினைஞர்கள் அவற்றைக் கண் என்கிறார்கள். நம் ஸ்தபதியும் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார். அடுத்து சிறகு: ஆண் நீர்வாத்தின் தோள்பட்டையிலிருந்து வெட்டிய பழுப்புக் கீற்றுகள், இடப்பக்க இறகிலிருந்து ஒன்று, வலப்பக்க இறகிலிருந்து ஒன்று. அப்போதுதான் இரண்டின் வளைவும் எதிரெதிரே பொருந்தும். அதற்கடியில் ஆரஞ்சுச் சாயமேற்றிய சேவல் இறகு, மீனின் தொண்டைச் செதில் போல. பிறகு உடம்பைச் சுற்றிய மெல்லிய தங்கக் கம்பி, அதன் கீழே தட்டையான தங்க ஜரிகை. கடைசியில் வால்: சீனத்துப் பொன்னிறக் கோழியின் கொண்டையிழை ஒன்று. பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டதில் இதன் பெயர் டன்கெல்ட் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் உள்ள ஊரின் பெயர். முதலில் ஸால்மன் மீனுக்காகக் கட்டியதைச் சிறிதாக்கி டிரௌட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜரிகையை ஆரணியில் நெசவு செய்யும் நண்பரிடம் காட்டினேன். இழையை விரலில் தேய்த்துப் பார்த்து, நம்ம சரக்கு இல்லை, ஆனால் கட்டினவன் கைகாரன் என்றார். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடைவெளியும் விடாமல் படிந்திருந்ததைத்தான் சொன்னார்.

இறகை ஜவ்வாது மலைக்கு எடுத்துப்போனேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் சாமை விதைக்கும் ஒரு பெரியவர். கையில் வாங்கியதும் சிரித்தார். “கோழிச் சேவலு கழுத்து சார். எங்க அப்பன் கண்ணி வெச்சிப் புடிப்பாரு. கறி திம்போம், எறகு காத்துல போயிரும்.” இதை வைத்து வெள்ளைக்காரன் மீன் பிடித்தான் என்றேன். “எறகக் காட்டியா? மீனு அவ்ளோ ஏமாளியா?” என்றார். ஸ்கியூஸ் என்ற ஆங்கிலேய வக்கீல் ஆயுள் முழுக்க எழுதியதும் ஏறக்குறைய இந்தக் கேள்விதான்.

அந்த விவகாரம் நம் வட்டத்துக்குப் பரிச்சயமானது போலத் தோன்றும். 1886இல் ஹால்ஃபோர்ட் மிதக்கும் ஈக்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நீரின் மேல் என்ன பூச்சி இருக்கிறதோ அதன் அச்சான நகலைக் கட்டி, அதன் மேலேயே விழும்படி வீச வேண்டும் என்ற கட்சி அதிலிருந்து வளர்ந்தது. மற்றதெல்லாம் கீழ்த்தரம் என்ற அளவுக்கு அவருடைய சீடர்கள் போனார்கள். 1910இல் ஸ்கியூஸ், மீன் தன் உணவில் பெரும்பங்கை நீருக்குள்ளேயே எடுக்கிறது என்று காட்டி அமிழும் ஈக்காக வாதாடினார். ஆனால் ஸ்கியூஸுக்கும் அகப்படாதது இந்தச் சிறகு வைத்த அமிழும் ஈ. நீருக்குள் சிறகோடு என்ன பூச்சி இருக்கும்? முட்டையிட நீருக்குள் இறங்கும் சில பெண் பூச்சிகள் உண்டு. மூழ்கிச் செத்தவை உண்டு. நீருக்குள்ளேயே தோலுரித்துச் சிறகோடு மேலே வருபவை உண்டு. இவற்றில் எதன் உடம்பும் தங்க ஜரிகை அல்ல. டன்கெல்ட் எந்தப் பூச்சியின் நகலும் இல்லை. ஒரு மினுக்கம், ஒரு கண், ஓர் அசைவு, இவ்வளவுதான். மூன்று ஈக்களை ஒரே நரம்பில் இடைவெளி விட்டுக் கட்டி, ஓடையின் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டம் அவற்றை வளைத்து இழுத்துச் செல்ல விடுகிறார்கள். வளைவு முடிகிற இடத்தில், ஈ எதிரோட்டத்தில் தயங்கி மேலெழும் கணத்தில், மீன் இழுக்கிறது. உவமைக்கும் படிமத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மீன் இதைச் சுலபமாகத் தீர்த்துவைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

டிரௌட் இங்கே தானாக வந்த மீன் அல்ல. பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, சென்னை ராணுவ மருத்துவராக இருந்தபோது, 1860களில் சீமையிலிருந்து முட்டைகளை ஐஸில் வைத்து நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். ஸி. வில்ஸன் என்பவர் முயன்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இங்கிலாந்தின் பழுப்பு டிரௌட் ஒட்டவில்லை. ஒட்டியது அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த வானவில் டிரௌட். புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கு என்று சொன்னவர்களுக்கும் இல்லை என்று மறுத்தவர்களுக்கும் இதைச் சமர்ப்பிக்கலாம். இறக்குமதிதான். எது இறக்குமதியானது, எது தங்கியது என்பது வேறு கேள்வி. 1950களிலும் 60களிலும் குந்தா மின்திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகளைக் கட்டியதில் பல ஓடைகள் ஏரிகளுக்கடியில் போயின. முக்கூர்த்திக் காட்டின் ஓடைகளில் இருக்கும் டிரௌட்டை இன்று அந்நிய உயிரினம் என்று கணக்கெடுக்கிறார்கள்.

எல்லா வெள்ளைக்காரர்களும் சீமை மீனைத் தேடிப் போகவில்லை. சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றியும், 1887இல் ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றியே தனியாகவும் புத்தகம் எழுதினார். கெண்டையை மதித்த மனிதர்.

நான் சொல்ல வந்தது இறகைப் பற்றி. டிரௌட் எந்தக் கப்பலில் வந்தது, யார் கொண்டுவந்தது, எந்த வருஷம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஈக்களைக் கட்டியவர்கள் பெயர் இருக்கிறது. கோச்மேன் என்ற ஈ, மயிலிழையில் உடம்பு வைத்தது, பாஸ்வர்த் என்ற அரண்மனை வண்டிக்காரர் பெயரால் நினைக்கப்படுகிறது. என் பெட்டியில் இருந்த மற்ற ஈ, மயில் சிறகு வைத்தது, அலெக்ஸாண்ட்ரா, ஓர் இளவரசியின் பெயர். காட்டுக்கோழிக்குக்கூட ஒரு பெயர் கிடைத்தது. புதுச்சேரியில் பல வருஷம் இருந்த பிரெஞ்சுக்காரர் ஸொன்னெரா 1782இல் வெளியான தம் பயண நூலில் அதை விவரித்தார். 1813இல் டெமிங்க் அவர் பெயரையே பறவைக்கு வைத்தார். வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான் என்று ஸொன்னெரா நினைத்தார். டார்வின் செங்காட்டுக்கோழியே மூதாதை என்றார். 2008இல் வந்த மரபணு ஆராய்ச்சி, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்கிறது. ஸொன்னெரா முழுக்கத் தவறவில்லை. ஆனால் கண்ணி வைத்தவனுக்கு எங்கும் ஒரு வரி கிடையாது.

2009இல் இங்கிலாந்தில் டிரிங் அருங்காட்சியகத்தில் எட்வின் ரிஸ்ட் என்ற புல்லாங்குழல் மாணவன் ஜன்னலை உடைத்து நுழைந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். விக்டோரியா கால ஸால்மன் ஈக்களைக் கட்டுகிறவர்களுக்கு விற்பதற்காக. வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. திரும்பக் கிடைத்தவற்றில் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டு அறுக்கப்பட்டிருந்தது. எந்த ஊர், எந்தத் தேதி என்ற சீட்டு போனால் விஞ்ஞானத்துக்கு அந்தத் தோல் செத்த இறகுதான். என் மேஜையில் கிடந்த இரண்டு இறகுகளுக்குச் சீட்டு முதலிலேயே இல்லை. அவை ஜவ்வாதிலிருந்து போனவையா, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தா என்று எந்த ஆய்வுக்கூடத்துக்கும் நான் எழுதிக் கேட்கவில்லை.

1902இல் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் காட்டுக்கோழிக் கழுத்துகள் சீமைக் கடைகளில் தொங்கின. 1960களின் இறுதியில்தான் வழி உண்மையாக அடைபட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தடை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது இங்கிலாந்தில் கூண்டில் வளர்த்த காட்டுக்கோழியின் கழுத்தை விலை கொடுத்து வாங்கலாம். என் வசம் இந்தப் பெட்டி இருப்பதே சட்டப்படி சரியா என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். பிரித்து முடித்த பிறகு கேட்டார்.

அதைத் திரும்பக் கட்டப் பார்த்தேன். வால், ஜரிகை, கம்பி, தொண்டை இறகு வரை பழைய சுற்றுகளின் தடத்திலேயே வந்துவிட்டது. சிறகில் மாட்டிக்கொண்டேன். இரண்டு கீற்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, நூலைத் தளர்வாக மேலே போட்டு, நேர் கீழே இழுக்க வேண்டும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி உட்கார வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் சிறகு அந்தப் பக்கமாகச் சரிந்தது. ஏழாவது தடவை இழைகள் பிரிந்துபோயின. கன்னத்து இறகில் ஒன்றை மின்விசிறி எங்கோ கொண்டுபோய்விட்டது. மற்றதை ஒரு பழைய பத்திரிகையின் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.